உன் வூட்லயும் ஆடுச்சா?

நிலக்கரி மைன்ஸில் மத்தியான வெடி வைத்தால், டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டோடு கிடந்த சிவக்குமாரின் குவார்ட்டர்ஸ் ஜன்னல் கடகடவென்று ஆடும். அதே நொடியில் பக்கத்து ஊரான வடக்குத்தில் நெடுமாறன் வீடும் ஆடும். உடனே ஹெட்போனில், "உன் வூட்லயும் ஆடுச்சா?" என்பான். இதைக் கேட்கத்தான் அவன் பப்ஜி ஆட்டத்துக்கே வந்தானோ என்னவோ. சிவக்குமார் வந்தது ரேங்குக்கு. "வாயை மூடிட்டுச் சுடுடா" என்பான். ஒரு வருஷம் ஒரே டீம். சைக்கிள் மிதித்தால் போய்விடும் தூரம். ஒருநாளாவது போய் அவன் முகத்தைப் பார்த்தானா? பெரிய ரேங்க்!

சித்திரையில் லாரி மோதி நெடுமாறன் செத்துப்போனான். சேதி வாட்ஸப்பில் வந்தது. சிவக்குமார் சாவுக்கும் போகவில்லை.

ஆடியில் ஒரு மத்தியானம் நெடுமாறன் ஐடி ஆன்லைனில் வந்து நின்றது. சிவக்குமார் போனைக் கீழே போட்டுவிட்டான். ஆனாலும் கை சும்மா இருக்குமா, ஆட்டத்துக்குக் கூப்பிட்டான். வந்தது. சுடவில்லை, பேசவில்லை. சுவரில் முட்டிக்கொண்டு இவன் பின்னாலேயே நடந்தது. திறந்திருந்த மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. மறுநாளும் அப்படியே.

கூட ஆடும் கருணாகரன் கத்தினான்: "எவனோ செத்தவன் போனைத் திருடி ஆடுறான். சீசன் முடியப்போகுது, ரேங்க் நாசமாப் போகுது. தூக்குடா வெளிய!"

சிவக்குமாரின் விரல் பட்டன் வரைக்கும் போனது. தூக்கினால் ரேங்க் தப்பிக்கும். அது யாரென்று மட்டும் சாகிறவரை தெரியாது.

அப்போதுதான் வெடித்தது. ஜன்னல் ஆடியது. ஹெட்போனுக்குள்ளும் தட்டு டம்ளரெல்லாம் ஆடின. பிறகு ஒரு பெண்குரல், பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்டது.

"உன் வூட்லயும்... ஆடுச்சா?"

"ஐயோ!" கருணாகரன் ஆட்டத்தை விட்டே ஓடிவிட்டான்.

சிவக்குமார் ஓடவில்லை. "நெடுமாறன் அம்மாவா?"

"ஆமாந்தம்பி. பொம்பளன்னு தெரிஞ்சா தொரத்திடுவீங்கன்னுதான் பேசல. எம்புள்ள தெனம் இதையேதான் கேட்டுக்கினு இருப்பான். கேட்டுட்டுச் சிரிப்பான். நீ என்னா சொல்லுவன்னு எனக்குக் கேக்காது, அவன் காதுலதான மாட்டியிருக்கும். அதைத் தெரிஞ்சிக்கலாம்னு வந்தேன்."

சிவக்குமார் ஒருநாளும் ஆடுச்சு என்று சொன்னதில்லை, வாயை மூடச் சொன்னதுதான்.

"'ஆடுச்சுடா மாறா'ன்னு சொல்லுவேம்மா."

"அப்ப சொல்லு."

"ஆடுச்சுடா, மாறா."

திரையில் நெடுமாறனின் உருவம் இவன் முதுகுக்குப் பின்னால் அசையாமல் நின்றது. குரல் மெல்லச் சிரித்தது. அச்சு அசல் அவன் சிரிப்பு.

"நாளைக்கும் கேக்கறேன், தம்பி. நாளைக்கும் சொல்லு."