ஓர் அடி பின்னால்

மேனுவலின் மனைவிக்கு முகம் கலங்கிப்போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. கைகள் இரண்டும் துல்லியமாக இருந்தன. நகக்கண்ணில் ஒட்டிய பசை, மணிக்கட்டில் ஓடும் பச்சை நரம்பு, பழைய தீக்காயத்தின் சுருக்கம் எல்லாம் எதிர்வீட்டு மாடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். முழங்கைக்கு மேலே போகப் போக ஆள் கரைந்துகொண்டே போவாள். கழுத்துக்கு மேலே, ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நிற்பது மாதிரி ஒரு நிறம் மட்டும்தான். காய்கறிக்காரர் அந்தக் கைகளுக்கு வணக்கம் சொல்லி, அந்தக் கைகளிடமே விலை சொல்லிப் பழகிவிட்டார். இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள்.

மேனுவல் என்பது அவள் கணவனின் சொந்தப் பெயர் அல்ல. அப்பா விட்டுப்போன ஸ்டுடியோவை அவனும் கொஞ்ச காலம் ஒழுங்காகத்தான் நடத்தினான். வந்தவரை ஸ்டூலில் உட்காரவைப்பான், கேமரா தானாக முகத்தைத் தேடிப் பிடித்து 'கீச்' என்று சொல்லும், இவன் அழுத்துவான், வந்தவர் போய்விடுவார். அதில் அவனுக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லாமல் இருந்ததுதான் தொல்லை. ஒருமுறை பெரிய நகரத்தில், மதியச் சாப்பாட்டோடு, இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றுக்குப் போனான். திரும்பி வரும்போது பதினாறு பை வைத்த ஒரு சட்டை போட்டிருந்தான். பதினாறும் காலி. "ஆட்டோல எடுத்தா மெஷின் எடுக்குது. மேனுவல்ல எடுத்தாதான் மனுஷன் எடுக்குறான்" என்று பால் பாக்கெட் போட வந்தவரிடம் தொடங்கி எல்லோரிடமும் சொன்னான். லென்ஸின் பக்கவாட்டில் இருந்த சின்ன விசையை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் தள்ளி, இனி எவனும் அதைத் திருப்பித் தள்ளிவிடக் கூடாது என்று அதன்மேல் ஒரு சொட்டு உடனடிப் பசை விட்டான். பசை அவனுடைய கட்டைவிரல் தோலையும் கொஞ்சம் பிய்த்து வைத்துக்கொண்டது. அது இன்றைக்கும் அங்கேதான் ஒட்டியிருக்கிறது. தெரு அவனுக்கு மேனுவல் என்று பெயர் வைத்தது அப்போதுதான். கேலிக்கு வைத்ததை அவன் பட்டமாக வாங்கிக்கொண்டான்.

அவன் படம் எடுக்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெட்டகம் திறக்கிற திருடன் மாதிரி லென்ஸ் வளையத்தை இரண்டு விரலால் மெல்லத் திருப்புவான். எதிரில் இருக்கிறவரின் இமைமயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிற இடத்தில் சரியாக நிறுத்துவான். அது உண்மை, அந்த அளவுக்கு அவனுக்குக் கை வந்திருந்தது. ஆனால் நிறுத்திய மறுகணம், தான் கண்டுபிடித்த அந்தத் துல்லியத்தைத் தள்ளி நின்று ரசிக்க வேண்டும்போல ஒரு கர்வம் வந்து, நெஞ்சு முன்னால் வர, தாடை மேலே ஏற, ஓர் அடி பின்னால் போவான். போய்த்தான் அழுத்துவான். தான் போவது அவனுக்குத் தெரியாது. பின்னணி கரையவேண்டும் என்று லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்தே வைத்திருந்ததால், துல்லியமாக விழும் பகுதி ஒரு ரொட்டித் துண்டின் கனம்தான். அவன் ஓர் அடி பின்னால் போனால் அந்தத் துண்டும் கூடவே ஓர் அடி வந்து, உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு முன்னால் காற்றில் நின்றுகொள்ளும். அந்த இடத்தில் எது நீட்டிக்கொண்டிருக்கிறதோ அது தெளிவாக விழும். முகம் கலங்கும். படம் கலங்குவது படத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. ஸ்டுடியோவை விட்டு வெளியே போகும்போது ஆளும் படத்தில் எப்படியோ அப்படியே போனார்.

அவன் மனைவியின் அண்ணன் தையல்காரர். கடைக்கு ஒரு படம் வேண்டும் என்று வந்து நின்றவருக்குத் தொப்பை மட்டும் சட்டைப் பித்தானின் நான்கு துளையோடு துல்லியமாக நிலைத்தது. மற்றதெல்லாம் புகை. அன்றிலிருந்து அவரைத் தொப்பையை வைத்தே அடையாளம் கண்டார்கள். பள்ளிக் குழுப்படத்தில் தரையில் உட்கார்ந்த பிள்ளைகள் தப்பித்தார்கள், பின்னால் நாற்காலியில் இருந்த தலைமையாசிரியர் தப்பவில்லை. அவர் கோபமாக இருக்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியாமல் அந்தப் பள்ளி நிமிர்ந்து உட்காருவதை விட்டது. வீட்டுத் தரகருக்கு மட்டும் இது யோகமாக அமைந்தது. பொய் சொல்லும்போது அவர் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று பார்க்க யாராலும் முடியவில்லை. வேறு ஸ்டுடியோ இல்லை என்பதால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எனக்கு முகம் போச்சு என்று வாய்விட்டுச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. அவரவர் தம் பார்வையைச் சந்தேகப்பட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். அந்தக் கடைக்காரர் இரண்டு மாடி கட்டினார்.

மனைவியை அவன் எடுத்தது மகளுக்கு ஆறு வயதானபோது. டீ கொண்டுவந்து நீட்டியவளை அப்படியே நில் என்று சொல்லி எடுத்தான். டீ கிளாஸும் கைகளும் மட்டும் துல்லியமாக விழுந்தன. அவன் அதைப் பெரிதாக்கி, 'தருபவள்' என்று தலைப்பு வைத்து, தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் மாட்டினான். பார்த்தவர்கள் ஆகா என்றார்கள். ஆகா என்று சொல்லாவிட்டால் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடுமே.

அவளுக்கு எல்லாம் தெரியும். கம்ப்யூட்டரில் படங்களைச் சரிசெய்து பிரிண்ட் போடுவது அவள் வேலை. பயிலரங்கிலிருந்து அவன் வந்த முதல் வாரமே, படம் எங்கே துல்லியமாக விழுகிறது என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, கதவிடுக்கு வழியாக அவன் காலைப் பார்த்தாள். காலும் ஓர் அடி பின்னால் போயிற்று. சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாய் திறந்தபோது அவன் ரொட்டிக்கடைக்காரரிடம் ஒளியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தான். இந்த ஆளுக்குப் போய் ஒன்றைச் சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு தன் முகமே போன அன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவனை ஒரு பொருட்டாக மதித்ததாகிவிடும். முகத்தைவிட அது அவளுக்குப் பெரிதாக இருந்தது.

மேனுவலுக்கோ அந்தக் கலங்கல் மிகவும் பிடித்துவிட்டது. சாப்பிட்டபின் அந்த நிறத்துக்கு எதிரே உட்கார்ந்து, நிழல் என்றால் என்ன, கலைஞன் என்றால் யார் என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுவான். எதிரே மலைத்துப்போய் ஒரு பெண் கேட்டுக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றும். வேறு விதமாகத் தோன்றுவதற்கு அங்கே எதுவும் தெரியவில்லை அல்லவா.

மகள் வளர்ந்தாள். அவள் அம்மாவிடம் திட்டு வாங்கியதும் தலை வாரிக்கொண்டதும் கைகளிடம்தான். பதினெட்டு வயதில் தூரத்து நகரத்தில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்தது. மூன்று வருஷம் வர முடியாது. கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டியை மூடிவிட்டு, அம்மாவின் முகம் ஒன்று வேண்டும் என்றாள். தன் போனில் எடுத்துப் பார்த்தாள். போனின் மஞ்சள் கட்டம் அம்மாவின் தோளில் ஏறி, காதுப்பக்கம் தடவி, ஒன்றும் பிடிபடாமல் இறங்கிவந்து கையில் உட்கார்ந்துகொண்டது. எந்தக் கேமரா கலைத்ததோ அதுதான் சேர்க்கவேண்டும் என்று தையல்கார மாமா சொன்னார். மருமகளுக்குப் பை ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர் அவர். அவருடைய தொப்பை வாசலில் நின்றது.

மேனுவல் பதினாறு பைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். மனைவியை ஸ்டூலில் உட்காரவைத்து, கையை மடியில் வைக்கச் சொன்னான். வளையத்தைத் திருப்பினான். அந்தக் கேமராவுக்குள் மட்டும் அவள் இன்னும் இருந்தாள். இமைமயிர் ஒவ்வொன்றாக வந்தது. அவன் பார்த்தது அந்த மயிரை மட்டும்தான், பயிலரங்கில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிடித்துவிட்டான். நெஞ்சு முன்னால் வந்தது. ஓர் அடி பின்னால் போனான். அழுத்தினான். இந்த முறை நீட்டிக்கொண்டிருக்க எதுவும் இல்லாததால், அவளுக்கும் அவனுக்கும் நடுவே மிதந்த தூசி மிகத் துல்லியமாக விழுந்தது. ஸ்டூலில் கைகளும் கலங்கின. நகம் போயிற்று, நரம்பு போயிற்று, தீக்காயமும் போயிற்று.

"அப்பா, கையும் போச்சு" என்றாள் மகள்.

வெளிச்சம் சரியில்லை என்றான் அவன்.

"வெளிச்சம் நல்லாத்தான் இருக்கு" என்றது ஸ்டூலின் மேலிருந்த நிறம். "வளையத்தத் திருப்பி முடிச்சதும் நீங்க ஒரு அடி பின்னால போறீங்க. பன்னெண்டு வருஷமாப் போறீங்க."

மேனுவல் தன் கால்களைக் குனிந்து பார்த்தான். அவை ஏதோ அடுத்த வீட்டுக்காரரின் கால்கள் மாதிரி நின்றன. தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"சொன்னா கேக்குற மூஞ்சியா அது?"

மாமாவின் தொப்பை குலுங்கியது. மகள் சிரிக்கவில்லை. குரல் வந்த பக்கம் திரும்பி, "அவருக்குச் சொல்ல வேண்டாம். எனக்காவது சொல்லியிருக்கலாம்லம்மா" என்றாள். அந்த நேரத்தில் அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல வழியில்லை.

பிறகு மகளே கேமராவை எடுத்தாள். முதுகைச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொன்னாள் அம்மா, பின்னால் போக இடமே இருக்கக் கூடாது. மகள் தன் பங்குக்கு, கையையும் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னாள், வந்தால் இரண்டும் சேர்ந்து வரட்டும் என்று. மேனுவல் சும்மா இருக்கவில்லை. மகளின் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, முழங்கையை உடம்போடு ஒட்டு, லென்ஸைக் கீழிருந்து தாங்கு, மூச்சைப் பார் என்று ஓதிக்கொண்டே இருந்தான். "மாப்பிள்ளை, கொஞ்சம் நகருங்க, புள்ளைக்கு வெளிச்சம் வரட்டும்" என்று தொப்பையிலிருந்து குரல் வந்தும் நகரவில்லை.

"அவர் சொல்றத விடு" என்றாள் அம்மா. "கண்ணு தெரியுற வரைக்கும் திருப்பு. தாண்டிப் போ. அப்புறம் திரும்பி வா. வந்துட்டா மூச்ச அடக்கிக்க. கால மட்டும் நகத்தாத."

மகள் கேமராவின் பின்பக்கத்துப் பூதக்கண்ணாடிப் பொத்தானை அழுத்தி, திரையில் பெரிதாகத் தெரிந்த அந்த நிறத்தைப் பார்த்தபடி வளையத்தைத் திருப்பினாள். முதலில் ஒரு நரைமுடி வந்தது. பிறகு புருவம், பிறகு இரண்டு கண்கள், ஒரு நொடி வந்து கடந்து போயின. திரும்பி வந்தாள். மேனுவல் அப்போது, பெரிய கலைஞர்கள் வளையத்தை விரலால் அல்ல மனத்தால் திருப்புவார்கள் என்று ஆரம்பித்திருந்தான். ஸ்டூலில் இருந்தவள் பார்வையைக் கேமராவிலிருந்து ஒரு சாண் நகர்த்தி அவனைப் பார்த்தாள். மகள் அழுத்தினாள்.

முகம் வந்தது. கன்னத்தில் வைத்த கையும் பழைய தீக்காயத்தோடு வந்தது. பன்னிரண்டு வருஷம் கூடிய முகமாக இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள், அதில் அதிசயம் இல்லை. ஆனால் வாயின் இடது ஓரம் கீழே இழுத்து அமுங்கியிருந்தது. ஒரு புருவம் ஏறி நின்றது. மூக்கின் நுனி, கெட்டுப்போன பால் பக்கத்தில் இருப்பது மாதிரிச் சற்றே சுருங்கியிருந்தது. யாரும் பார்க்கப்போவதில்லை என்று ஆனபின் அந்தப் பார்வையை மறைத்துவைக்க அவளுக்கு அவசியமே இருந்திருக்கவில்லை. சோறு போடும்போதும் பிரிண்ட் எடுக்கும்போதும் உறங்கும்போதும் அதையே போட்டிருந்தாள். அது அப்படியே வளர்ந்து இறுகிவிட்டது. மேனுவல் அந்த முகத்தை ஒருமுறை முழுக்கப் படித்தான். சாப்பாட்டுக்குப் பிந்திய அத்தனை பேச்சையும் எந்த முகத்திடம் பேசியிருக்கிறான் என்று அவனுக்குப் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. பிறகு பின்னால் போனான். இந்த முறை ஓர் அடியோடு நிற்கவில்லை. வாசலைத் தாண்டி, படி இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்க டீக்கடை பெஞ்சு காலில் இடித்த பிறகுதான் உட்கார்ந்தான்.

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் மகளை ஏற்றிவிடும்போது அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி, இழுத்து அமுங்கிய வாயோரம் வரைக்கும் வந்து அங்கே தேங்கியது. அவள் வாயை நேராக்க முயன்றாள், இறங்காத புருவத்தை விரலால் இறக்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"உன்னப் பாத்து இல்லடி இது. எனக்கு வேற மாதிரி வெச்சுக்கத் தெரியல."

"பரவால்லம்மா" என்றாள் மகள், ஜன்னல் வழியாக அந்த முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு. "தெளிவா இருக்கு."

அதற்குப் பிறகு ஸ்டுடியோவை அம்மாதான் நடத்துகிறாள். விலை ஏறவில்லை. விசையில் பசை அப்படியே இருப்பதால் இன்றும் வளையத்தைத் திருப்பித்தான் எடுக்கிறாள், முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு. கலங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து முகத்தைத் திரும்ப வாங்கிப்போனார்கள். தலைமையாசிரியருக்கு முகம் வந்தபோது, அவர் இத்தனை காலமும் பிள்ளைகளைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது பள்ளிக்கே தெரிந்தது. வீட்டுத் தரகர் மட்டும், நேரமில்லை என்று சொல்லி இன்றுவரை வரவில்லை. விடுதியில் மகளின் கட்டிலுக்கு மேலே அம்மாவின் படம் ஒட்டியிருக்கிறது. அறைத்தோழிகள் உங்கம்மா யாரைப் பார்க்கிறார்கள் என்று கேட்டால், எங்கப்பாவை என்று சொல்லிவிட்டு அவள் பாடத்தைத் தொடர்கிறாள்.

மேனுவல் டீக்கடை மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டான். மதியம் மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து பெஞ்சின் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவாள். அவள் வந்துபோகும் வரைக்கும் அவன் குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பான். மூக்குக்கண்ணாடி வாங்கிக்கொள்ளச் சொன்னவர்களுக்குக் கலைஞனின் கண்ணுக்கு எதற்குக் கண்ணாடி என்று பதில் சொன்னான். டீ குடிக்க வருகிற புது ஆட்களிடம் ஸ்டுடியோ வாசலைக் காட்டி, அதோ நிற்பது தன் மனைவி என்றும், தன்னைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்றும் சொல்வான். தெருவில் யாரும் அவனை மறுப்பதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.