கிளாஸின் மேல் அட்டை

வெள்ளை மான் பப் மூடப்பட்ட மறுநாள், ஒரு புதன்கிழமை, அங்கே வழக்கமாகக் குடித்துவந்த ஒன்பது பேர் கண்ணுக்குத் தெரியாமல் போனார்கள். லண்டனில், தேம்ஸின் தென்கரையில் இருக்கும் டாம்சன் தெருவில் இது நடந்தது. ஆட்கள் எங்கேயும் போய்விடவில்லை. வீட்டில் இருமினார்கள், டோஸ்ட் தின்றார்கள், கழிப்பறைத் தாளைத் தீர்த்துவிட்டுப் புதிதை மாட்டாமல் விட்டார்கள். பஸ்தான் அவர்களுக்காக நிற்கவில்லை. படகு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற லென் டிரான்டரின் மடியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். உடனே எழுந்து, பெஞ்ச் ஏன் இவ்வளவு சூடாக இருக்கிறது என்று தொட்டுப் பார்த்தாள்.

நான்காம் நாள் லென் வேறு வழியில்லாமல் தெருக்கோடியில் இருந்த மூன்று புறா பப்புக்குள் போனார். கவுண்டருக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் நான்கு நாள் தாடியோடு தன் முகத்தைப் பார்த்தார். அந்த பப்பை நடத்திய பெர்னி குவில், "வாய்யா பெரிய மனுசா. கடைசியில எங்க பீரும் உன் தொண்டையில இறங்குமா?" என்றாள். வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் அவர் மறுபடியும் மறைந்தார். ஏதாவது ஒரு பப்புக்குள் மட்டும் தெரிவார்கள் என்பது இப்படித்தான் தெரியவந்தது. மற்றவர்களும் அங்கே போகத் தொடங்கினார்கள்.

சிரில் ஹாப்டே மட்டும் போகவில்லை. 1979ஆம் வருட டார்ட்ஸ் அம்பெறி இறுதிப்போட்டியில் மூன்று புறா அணி கோட்டைத் தாண்டி நின்று எறிந்தது என்பது அவருடைய கட்சி. அந்த வாசலை மிதிப்பதில்லை என்று அன்றைக்கே சத்தியம் செய்திருந்தார். எட்டுப் பேர் போய் அவர் வீட்டுக் கதவின் தபால் துவாரம் வழியாகக் கெஞ்சினார்கள். "கோட்டை மிதிச்சோம்னு அவனுங்க வாயால சொல்லட்டும், வரேன்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மூன்றாவது வாரம் அந்தக் குரல் நின்றது. ஐந்தாவது வாரம், அவருடன் வசித்த தங்கை ஐவி, வீட்டில் எதற்கு இரண்டு நாற்காலி என்று ஒன்றைப் பழைய பொருள் விற்கும் தர்மக் கடைக்குக் கொடுத்தாள். அண்ணன் எங்கே என்று கேட்டவர்களிடம் தனக்கு அண்ணன் கிடையாது என்றாள். சில மாதங்களில் கேட்பவர்களும் இல்லாமல் போனார்கள். சிரில் ஹாப்டே என்ற பெயர் இன்று ஒரு வெள்ளிக் கோப்பையில் பொறித்திருப்பதால் மட்டுமே தெரிகிறது. டாம்சன் தெருவுக்குப் பயம் வந்தது அப்போதுதான். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதைப் பழகிக்கொள்ளலாம். பயம் அதைப் பற்றியது அல்ல.

அடுத்த பதினெட்டு வருடங்களில் இன்னும் ஆறு பப்புகள் மூடப்பட்டன. ஒன்று யோகா நிலையமானது, ஒன்று புளித்த மாவு ரொட்டி விற்கும் கடை, மற்றவை அடுக்குமாடி வீடுகள். ஒவ்வொன்று மூடும்போதும் அதன் ஆட்கள் மறைந்து, மூன்று புறாவில் வந்து தெரிந்தார்கள். நாற்பது பேர் உட்காரும் இடத்தில் அறுபது பேர் தோளோடு தோள் உரச நின்றார்கள். லென்னின் மனைவி மேவிஸ் குடியைத் தொடாத மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், பப் வாசலை மிதித்தறியாதவள். இப்போது தினமும் நான்கு மணிக்கு வந்து, ஒரு தக்காளிச் சாற்றை வைத்துக்கொண்டு கணவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் அவர் படுக்கையில் ஒரு பள்ளம், ஒரு குரல், அவ்வளவுதான். என்றாவது ஒரு காலை தான் எழுந்து ஒருத்திக்கு மட்டும் டீ போட்டுவிடுவோமோ என்று மேவிஸ் பயந்தாள்.

பிறகு மூன்று புறாவும் விற்கப்பட்டது. அதை வீடுகளாக மாற்ற அனுமதி தரும் நகராட்சிக் கூட்டத்துக்கு அறுபது பேரும் போனார்கள். வந்திருந்த பொதுமக்கள் நான்கு பேர் என்று குறிப்பேட்டில் இருக்கிறது. மேவிஸ், பெர்னி, மழைக்கு ஒதுங்கிய இரண்டு பேர். அறுபது தொண்டைகள் சேர்ந்து கத்தியபோது தலைவர் நிமிர்ந்து, ஹீட்டரைப் பார்க்க ஆள் அனுப்பச் சொன்னார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் யாரும் அதிகம் பேசவில்லை. மூடும் நேரமான மூன்று மணி ஆகப்போகும்போது லென் கைப்பழக்கத்தில் பாதி பீரின் மேல் அட்டையை வைத்துவிட்டு, "ஒரு சிகரெட் அடிச்சிட்டு வரேன்" என்று எழுந்தார். கிளாஸின் அடியில் ஈரத்துக்காக விரிக்கும் அட்டையை எடுத்து மேலே வைத்தால் ஆள் திரும்பி வருகிறார் என்று அர்த்தம். அந்த கிளாஸை யாரும் எடுக்கக் கூடாது, அந்த இடத்தில் யாரும் உட்காரக் கூடாது. மனைவிக்குப் பிரசவ வலி என்று ஓடியவர் இரண்டு நாள் கழித்து வந்து மீதியைக் குடித்த கதையெல்லாம் அந்தத் தெருவில் உண்டு. மேவிஸ் அந்த அட்டையைப் பார்த்தாள்.

"யாரும் குடிச்சு முடிக்காதீங்க" என்றாள். "மூடி வச்சிட்டு எந்திரிங்க."

"பாதி பீரை விட்டுட்டுப் போறதா? இதுக்கு நான் செத்தே போறேன்" என்றது ஒரு குரல். ஆனாலும் அறுபது பேரும் மூடினார்கள். முப்பது வருடம் அந்தத் தொழிலில் இருந்த பெர்னிக்கு மூடிய கிளாஸை எடுக்கக் கை வரவில்லை. அப்படியே பூட்டி, வாங்கிய நிறுவனத்திடம் சாவியைக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது லென் தன் படுக்கையில் வாய் பிளந்து தூங்குவது தெரிந்தது. மேவிஸ் எழுப்பாமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடிக்க வந்த மேஸ்திரி டெஸ் கோலியர் இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவர். "அட்டை இருக்குல்ல? ஆளு வருவாரு. தொடாதே" என்று தன் ஆட்களிடம் சொல்லி, கவுண்டரைப் பிளாஸ்டிக் தாளால் போர்த்தி, சுற்றிலும் சுவர் எழுப்பினார். நிறுவனம் முதலில் கோபப்பட்டது. பிறகு பழைய அழகு என்று விளம்பரத்தில் போட்டுக்கொண்டது. கவுண்டரும் அறுபது கிளாஸும் இரண்டாம் எண் வீட்டின் சமையலறையாயின. அட்டைகளின் கீழே நுரை அமுங்கவில்லை.

மார்ச்சில் அங்கே ஹியூகோ லாசெல்ஸ் என்ற இளைஞன் வாடகைக்கு வந்தான். மேவிஸ் தினமும் ஜன்னல் வழியாகக் கிளாஸ்களை எண்ணிவிட்டுப் போவாள். ஒரு நாள் ஐம்பத்தொன்பது இருந்தது. லென் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவள் தெரு முழுக்க வீடு வீடாகப் போய்க் கேட்டாள். எல்லோரும் தலையை எண்ணிப் பார்த்து, எங்கள் வீட்டில் யாரும் குறையவில்லை என்றார்கள். கிளாஸை மூடியவர்களின் பட்டியலிலும் ஐம்பத்தொன்பது பெயர்கள்தான் இருந்தன. அவளே எழுதியது, அவள் கையெழுத்துதான்.

இரண்டாம் எண் கதவைத் தட்டினாள்.

"தம்பி, ஒரு கிளாஸைக் கழுவினியா?"

"ஆமா மேடம், நேத்து ஃப்ரெண்ட்ஸ் வந்தாங்க, ஒண்ணு பத்தல. ஏன், அதான் இன்னும் இவ்வளவு இருக்கே?"

"அது ஒரு ஆளுப்பா."

"எந்த ஆளு?"

மேவிஸ் வாயைத் திறந்தாள். சொல்வதற்குப் பெயர் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஹியூகோ அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பிக் கவுண்டரைப் பார்த்தான். வரிசையில் ஒரு இடைவெளி இருந்தது. அதற்கு நேராக இருந்த ஸ்டூலில் காலையிலிருந்து தானும் உட்காராமல் இருந்தது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உள்ளே போய், காப்பிக் குவளையில் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.

மறுநாள் மாற்றுச் சாவி ஒன்றைச் செய்து அவளிடம் கொடுத்தான். இப்போது அவன் நின்றுகொண்டே சாப்பிடுகிறான், நண்பர்களை வெளியே வைத்துச் சந்திக்கிறான். வாடகை ஒப்பந்தம் வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது, அதற்கான கடிதம் பிப்ரவரியில் வருகிறது. டாம்சன் தெருவில் மக்கள் திருமணத் தேதி, கண் அறுவைச் சிகிச்சை, கூரை வேலை எல்லாவற்றையும் ஹியூகோ இன்னொரு வருடம் இருப்பான் என்று அந்தக் கடிதம் சொன்ன பிறகே முடிவு செய்கிறார்கள். மேவிஸ் தினமும் ஒன்பது மணிக்கு வந்து கவுண்டரைத் துடைக்கிறாள். கிளாஸ்களைத் தூக்குவதில்லை, ஒவ்வொன்றையும் சுற்றித் துடைக்கிறாள்.