செவலையின் முதுகுப் புண்

தம்தினுக்கு மருத்துவர்கள்மேல் நம்பிக்கை கிடையாது. சந்தையில் பேட்டரிக்கும் மெழுகுவத்திக்கும் நடுவே மருந்துப் புட்டி விற்கிறவள்மேலும் கிடையாது. ஆனாலும் அவளிடம்தான் வாங்குவார். அவள் கேள்வி கேட்கமாட்டாள்.

அவருடைய குதிரை செவலைக்கு முதுகில், சேணம் உட்காருகிற மேட்டில், சில குளிர்காலங்களாகப் புண் வந்து வந்து போனது. வீங்கினால் ஊசி போடுவார். வடிந்ததும் நிறுத்திவிடுவார். மிச்ச மருந்தை நீலப் பட்டுத்துணியில் சுற்றி, கூடாரத்தின் வடக்குப் பக்கத்துப் பெட்டியில், செத்துப்போன மனைவியின் படத்துக்குக் கீழே வைப்பார். அந்தப் புல்வெளியில் எல்லாருடைய வழக்கமும் அதுதான். குணமான குதிரைக்கு மருந்து குத்துவது வீண். மிச்சம் இருந்தால் யாருக்காவது உதவும். பக்கத்துக் கூடாரத்துக் கொம்போ எத்தனையோ தடவை வந்து வாங்கிப் போயிருக்கிறார். இருவருடைய குதிரைகளும் ஒரே மந்தையாகத்தான் மேய்ந்தன.

இந்தக் குளிரில் வீக்கம் வடியவில்லை. புட்டி மாற்றிப் பார்த்தார், அளவைக் கூட்டிப் பார்த்தார். புண் உடைந்து சீழ் விலாவரை ஒழுகி உறைந்தது. தம்தினுக்கு மகன் ஒருவன் உண்டு. தெற்கே சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறான், வருவதில்லை. நாள் முழுக்க அவர் பேசுவதைக் கேட்கிற காது செவலையுடையது மட்டும்தான். குன்றின்மேல் ஏறி, சிக்னல் கிடைக்கிற பாறையில் நின்று, கால்நடை மருத்துவர் ஓயுனைக் கூப்பிட்டார்.

அவள் மோட்டார் சைக்கிளில் வந்தாள். பஞ்சில் சீழைத் தொட்டுக் குழாயில் அடைத்து நகரத்துக்கு அனுப்பினாள். முடிவு தெரிகிறவரை ஊசி போடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். தம்தின் போட்டார். அவள் திரும்பி வந்தபோது, தலைநகரிலிருந்து சந்தைக்கு வருகிற மருந்தெல்லாம் கலப்படம் என்று முந்திக்கொண்டார்.

"மருந்து நல்ல மருந்துதான், பெரியப்பா. நீங்கதான் பாதியிலேயே நிறுத்திட்டீங்க. சாகாம தப்பிச்ச கிருமிதான் திரும்பத் திரும்பப் பெருகியிருக்கு. இப்ப எந்த ஊசிக்கும் அடங்கலை."

"எதுக்குமேவா?"

"ஒண்ணு அடக்கும். அது பெரிய ஆஸ்பத்திரியில மனுஷங்களுக்குன்னு பூட்டி வச்சிருக்கு. குதிரைக்குத் தரமாட்டாங்க."

"இது குதிரைன்னு ஏன் சொன்னே? என் பேரைச் சொல்லியிருக்கலாமே."

அவள் சிரிக்கவில்லை. இரண்டே வழி என்றாள். இன்றே செவலையைக் கொன்று புதைத்துவிட்டு அவர் மந்தையோடு வசந்த மேய்ச்சலுக்குப் போகலாம். இல்லையென்றால் புண்ணைக் கீறி, அழுகலை வெட்டி, தினமும் உப்புநீரில் கழுவிப் பார்க்கலாம். பிழைத்தாலும் பிழைக்கும். ஆனால் சீழ் நிற்கிறவரை அது மந்தைப் பக்கமே போகக்கூடாது. மற்ற குதிரைகளுக்கும் ஒட்டும், மனிதர் கைக்கும் ஒட்டும்.

தம்தின் செவலையைப் பார்த்தார். தனியாக நின்று பழகாத மிருகம். "கீறு," என்றார்.

வெள்ளை மாதப் புத்தாண்டு வந்தது. அந்தப் பள்ளத்தாக்கிலேயே மூத்தவர் அவர்தான். முதல் நாள் காலையில் எல்லாரும் முதலில் அவரிடம்தான் வந்து, வழக்கப்படி முழங்கையைத் தாங்கி வணங்குவார்கள். இந்த வருஷம் புண் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து யாரும் வரவில்லை. கொம்போவின் மனைவி மட்டும் வேகவைத்த கொழுக்கட்டையை எட்டத்தில் ஒரு பாறைமேல் வைத்துவிட்டுக் கையசைத்துப் போனாள். எடுப்பதற்குள் கல்லாக உறைந்திருந்தது.

மந்தை வசந்த மேய்ச்சலுக்குக் கிளம்புகிற அன்று கொம்போ வந்தார். குதிரையை விட்டு இறங்கவில்லை. தன் பெட்டைக் குதிரைக்குத் தொடை வீங்கியிருக்கிறது, அந்த நீலத்துணிப் புட்டியில் மிச்சம் இருக்குமே என்றார்.

"இருக்கு. தரமாட்டேன்."

"என்னது?"

"ஓயுனைக் கூப்பிடு. அவ சொல்ற நாள் வரைக்கும் ஊசி போடு. மிச்ச மருந்து வேண்டாம்."

"உன் சீழ்க்குதிரைக்கு இருக்கு, என் பெட்டைக்கு இல்லையா? நாப்பது வருஷமா உன்கூட டீ குடிச்சதுக்கு இதுவா, கிழவா?"

தம்தின் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் பேசினால் குரல் இளகிவிடும், கை பெட்டிக்குப் போய்விடும் என்று பயந்தார். கொம்போ துப்பிவிட்டுக் குதிரையைத் திருப்பினார். தம்தினுடைய குதிரைகளும் சேர்ந்த மந்தை குன்றேறி மறைந்தது.

செவலை வேலியில் மார்பை அழுத்திக் கனைத்தது. முன்பெல்லாம் குன்றுக்கு அப்பாலிருந்து ஏதாவது ஒன்று பதில் கொடுக்கும். இன்று காற்றுதான் வந்தது. மறுபடியும் கனைத்தது.

தம்தின் உப்புநீர் வாளியை இறக்கி வைத்துவிட்டுப் புண்ணைப் பார்த்தார். ஓரத்தில் விரல்நுனி அகலத்துக்குப் புதுத்தோல் வெளிறிக் கிடந்தது. அதையும் அவர் நம்பவில்லை.

"நான் இருக்கேன்ல, கத்தாதே," என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தார்.