குழிக்குள் இனிப்பு வாசனை

மூச்சை அடக்கிக்கொண்டு தறிக்குழியின் விளிம்பில் குப்புற விழுந்த கலைவாணி, உள்ளே சுருண்டு கிடந்த தம்பியின் சட்டைக் காலரை எட்டிப் பிடித்து இழுத்தாள்.

காலர் மட்டும் கையோடு வந்தது.

குழி ஆழமில்லை. நெசவு செய்பவர் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பதற்காக வெட்டியது. இறங்கி நின்றால் இடுப்புக்குக்கூட வராது. அதற்குள் லோகேஷ் சுரண்டியைப் பிடித்த பிடி விடாமல் மடங்கிப் போயிருந்தான்.

நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. எழுந்து வாசலுக்கு ஓடினாள். ஒரு வாய்க் காற்றை விழுங்கினாள். மறுபடி உள்ளே திரும்புவதற்குள் பக்கத்து வீட்டு நீலாம்பாள் தறியை விட்டு எழுந்து வந்துவிட்டாள். அவள் விரலில் இன்னும் பட்டு இழை சுற்றியிருந்தது.

"இன்னாமா சத்தம்?"

"லோகேஷ் வுழுந்துட்டான் அத்த. உள்ள மூச்சு வுடாதீங்க. காலப் புடிங்க, போதும்."

நீலாம்பாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நுழைந்தாள். ஒருத்தி அக்குளில் கை கொடுக்க, ஒருத்தி முழங்காலைப் பிடிக்க, லோகேஷ் தரையில் தேய்ந்தபடி தெருவுக்கு வந்தான். உதடு வெளுத்திருந்தது. மூக்கின் அருகே விரல் வைத்தாள் கலைவாணி. காற்று வந்தது, கொஞ்சமாக.

யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். அவனை உள்ளே திணிக்கும்போது, நீலாம்பாள் தரைப் பசையை இளக்கும் ரிமூவர் இருந்த நீல நிறக் கேனை மூடி இறுக்கிக் கொண்டுவந்து கலைவாணியின் காலடியில் வைத்தாள்.

"இதையும் எடுத்துனு போ. எத மோந்தான்னு டாக்டர் கேப்பாங்க." ஒரு கணம் நின்றாள். "வாசனையே வராத மருந்துன்னு வூடு வூடா வந்து சொன்னியேமா. என் வூட்டுத் தறில இருக்கற பட்டுப் பாவு வரைக்கும் இனிக்குது."

 கலைவாணியும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். குழிக்கு அருகே படுத்தபோது மூக்கில் ஏறியது ஒரு இனிப்பு வாசனை. அவர்கள் வாங்கும் ரிமூவருக்கு அப்படி ஒரு வாசனை கிடையாது. அதில் சோப்புத் தண்ணீர் நெடி மட்டும்தான் அடிக்கும்.

ஆட்டோ பிள்ளையார்பாளையத்துச் சந்துகளில் ஹாரன் அடித்துக்கொண்டே பறந்தது.

வேலை என்னவோ சாதாரண வேலைதான். ஆதிகேசவன் என்ற பட்டு வியாபாரி, லோகேஷ் விழுந்து கிடந்த அந்தப் பழைய நெசவாளர் வீட்டை வாங்கி ஷோரூம் ஆக்குகிறார். இடையில் அது கோடவுனாக இருந்திருக்கிறது. தரை முழுக்க பிவிசி விரிப்பை ஒட்டி, குழிக்குப் பலகை போட்டு மூடி, குழிக்குள்ளும் பெயிண்ட் அடித்து வைத்திருந்தார்கள். விரிப்பைக் கிழித்தால் அடியில் காய்ந்த பசை, கான்கிரீட்டோடு கான்கிரீட்டாக. அதை எடுத்தால்தான் புதுத் தரை பிடிக்கும். குழியைச் சுத்தம் செய்து அதில் ஒரு தறியையும் நிறுத்த வேண்டும் என்றார் ஆதிகேசவன். புடவை வாங்க வருகிறவர்கள் நெய்வதை நின்று பார்ப்பார்களாம்.

தேய்க்கும் மெஷினை இறக்கினால் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அந்தத் தெருவில் மெஷினை இறக்க முடியாது. சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தறியில் பாவு, நீளவாக்கில் கட்டிய பட்டு இழை, ஏறியிருக்கிறது. சிமெண்ட் தூசி ஒரு தடவை பட்டில் படிந்தால் அந்தப் பாவு அவ்வளவுதான். அதனால் கலைவாணியே ஒவ்வொரு வீடாகப் போய் வாக்குக் கொடுத்திருந்தாள்: மெஷின் ஓடாது, காட்டமான மருந்தும் வராது. தண்ணீரில் கரைகிற ரிமூவர்தான். தடவி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் சுரண்ட வேண்டும். அக்கம்பக்கத்தார் திருப்திக்காக ஜன்னல்களைக்கூடத் தாள் ஒட்டி அடைத்திருந்தார்கள்.

மூன்று பேர் கம்பெனி அவர்களுடையது. கணவன் ஆனந்தராஜ் ஆர்டர் பிடிப்பான், மருந்து வாங்குவான், ராத்திரியில் ஆளில்லாத நேரத்தில் போய்த் தடவி, கதவு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வருவான். சுரண்டுவது கலைவாணியும் லோகேஷும். இன்றைக்கும் அப்படித்தான். "நேத்தே தடவிட்டேன், நீங்க எடுக்க ஆரம்பிங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, ஏனாத்தூரில் வேறு ஒரு தரையை அளக்க வேண்டுமென்று பைக்கில் போய்விட்டான். கலைவாணி சந்தில் கழுவுத் தண்ணீர் வரும் என்று சொல்ல நீலாம்பாள் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தால் தம்பி குழிக்குள்.

"அக்கா."

குனிந்து பார்த்தாள். லோகேஷ் கண் திறந்திருந்தான்.

"என் சட்டையக் கிழிச்சிட்டியா?"

"வாய மூடிக்கினு மூச்சு வுடு."

"வாய மூடினா எப்படிக்கா வுடறது?" என்றவன் அவள் மடியிலேயே வாந்தி எடுத்தான்.

*

சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் சங்கீதாவுக்குக் கலைவாணியின் வயதுதான் இருக்கும். அவனைக் கட்டிலில் போட்ட உடனே முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஒரு கிளிப்பை விரலில் செருகினாள். அதில் தொண்ணூற்றெட்டு என்று எரிந்தது.

"நல்ல நம்பரா மேடம்?" என்றாள் கலைவாணி.

"நல்ல நம்பர்தான்." டாக்டர் அவன் சட்டையை முகர்ந்தாள். முகம் மாறியது. "என்ன கெமிக்கல்ல வேல செஞ்சாரு?"

கலைவாணி கேனைத் தூக்கிக் காட்டினாள். டாக்டர் லேபிளைப் படித்தாள். தண்ணீரில் கரைவது என்றுதான் அதில் போட்டிருந்தது.

"உள்ள இருக்கறதும் இதேதானா? யாராவது வேற ஊத்தி வச்சிருக்கலாமா?"

"ஏன் மேடம்?"

"பழைய டைப் ரிமூவர்ல மெத்திலீன் குளோரைடுன்னு ஒன்னு வரும். காத்தவிட கனம். பள்ளமா பாத்துத் தேங்கும். உள்ள போனா உடம்பே அத கார்பன் மோனாக்சைடா மாத்திடும். மூடின ரூம்ல ஜெனரேட்டர் ஓடினா ஆளுங்க செத்துப்போறாங்களே, அதே வாயு. ரத்தத்துல ஆக்சிஜன் இருக்க வேண்டிய எடத்துல அது உக்காந்துக்கும். இந்த கிளிப்புக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆள் மோசமாகிக்கிட்டே இருப்பான், இது தொண்ணூத்தெட்டுன்னே காட்டும்."

"இப்பதான் வெளிய கொண்டாந்துட்டோமே."

"வெளிய வந்தப்புறமும் மணிக்கணக்கா ஏறும்மா. ரத்தத்துல அத அளக்கற மெஷின் எங்ககிட்ட இல்ல. அந்தக் கெமிக்கல்தான்னா இப்பவே சென்னைக்கு அனுப்பணும். அங்க என்ன விஷம்னு நான் சொன்னாத்தான் அதுக்கேத்த மாதிரி தயாரா இருப்பாங்க. லேபிள்ல இருக்கறதுதான்னா சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போலாம். யாரு ஊத்தினாங்களோ அவங்களக் கேளுங்க. சீக்கிரம்."

கேட்க வேண்டிய ஆள் அப்போதுதான் ஹெல்மெட்டோடு உள்ளே ஓடிவந்தான். நீலாம்பாள் போன் பண்ணியிருக்க வேண்டும்.

ஆனந்தராஜ் கட்டிலைப் பார்க்கவில்லை. கலைவாணியின் கையைப் பார்த்தான்.

"கேன எதுக்கு எடுத்தாந்த?"

அவள் கேனை அவன் கண்ணுக்கு நேரே தூக்கினாள்.

"மாமா, இதுல இன்னா இருக்குது?"

"இன்னா இருக்கும்? நம்ம மருந்துதான். வெறும் வயித்தோட வேலைக்கு வந்திருப்பான். இப்பத்தி பசங்க எவன் காலைல சாப்பிடறான்?" லோகேஷின் தோளைத் தட்டினான். "இன்னா மச்சான், ஒரு குழி தாங்க மாட்டியா?"

மாஸ்க்குக்குள் லோகேஷ் சிரிக்கப் பார்த்தான். கண் நிலைகொள்ளாமல் மேலே போனது.

டாக்டர் ஆனந்தராஜுக்கு நேராக வந்து நின்றாள். அதே விஷயத்தை முதலிலிருந்து சொன்னாள். வாயு, ரத்தம், பொய் சொல்லும் கிளிப், எல்லாம். கடைசியில் கேட்டாள்.

"இப்ப சொல்லுங்க. எது?"

ஆனந்தராஜ் தரையைப் பார்த்தான். தரையைப் பார்த்துப் பார்த்தே பிழைக்கிறவன். எந்தத் தரையில் என்ன பூச்சு, எத்தனை கோட் என்று நின்ற இடத்திலிருந்தே சொல்லிவிடுவான். இப்போது ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொண்டான்.

"லேபிள்ல இருக்கறதுதான் மேடம். நானே வாங்கினது."

கலைவாணி கேனை எடுத்தாள். நர்ஸின் டிரேயிலிருந்து ஒரு பிடி பஞ்சை அள்ளினாள். விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள்.

"ஏய் கலை, எங்க போற?"

வாசல் சரிவில் நோயாளிகள் பிடித்து ஏற இரும்புக் கைப்பிடி. அதில் பச்சை பெயிண்ட். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேனைத் திறந்தாள். பஞ்சை நனைத்து, கைப்பிடியின் மீது நீளமாக ஒரு கோடு இழுத்தாள். மூடியைத் திருகினாள்.

"நம்ம மருந்து ஒரு ராத்திரி ஊறினாத்தான் பெயிண்ட் எளகும். நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த. நிக்கறேன், நாளைக்குக் காலைல வரைக்கும் இங்கயே நிக்கறேன்."

"எல்லாரும் பாக்கறாங்க. உள்ள வா. சொன்னாக் கேளு, அது..."

முடிக்கவில்லை. பச்சை பெயிண்ட் பால் ஆடையைப் போலச் சுருங்கியது. சுருங்கிய இடம் கொப்பளித்தது. கொப்பளம் உடைந்து இரும்பு தெரிந்தது.

வாசற்படியில் நின்ற டாக்டர் அதற்குமேல் பார்க்கவில்லை. "ஆம்புலன்ஸ கூப்பிடுங்க" என்று உள்ளே குரல் கொடுத்தபடி திரும்பினாள்.

ஆனந்தராஜ் கைப்பிடியைப் பிடிக்கப் போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

"இந்த ஒரு தடவதான் கலை. சத்தியமா இந்த ஒரு தடவ. ஆதிகேசவன் சார் கடை தெறக்க நாளு குறிச்சிட்டாரு. நம்ம மருந்த வச்சினு இன்னும் பத்து நாளானாலும் முடியாது. காலைல நீங்க வர்றதுக்கு முன்னாடிதான் தடவினேன். தெருவுல தெரிஞ்சா சும்மா வுடுவாங்களா? அதான் பழைய கேன்லயே ஊத்தினேன்."

"டாக்டர் அவ்ளோ சொல்லியும் பொய் சொன்னியே."

"நம்பர் நல்லா இருக்குதுன்னுதான..." கைப்பிடியில் உரிந்த பெயிண்டைப் பார்த்தான். "இவ்ளோ கெடுதல்னு தெரியாது கலை. கடைக்காரன் சொல்லவே இல்ல. தெரிஞ்சிருந்தா நம்ம லோகேஷப் போயி உள்ள எறக்குவனா? எனக்கு அவன் தம்பி மாதிரி இல்ல?"

அழுதான். நிஜமான அழுகைதான். ஏழு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா? வீட்டை எதிர்த்து, ஏனாத்தூர்க்காரனைக் கட்டிக்கொண்டபோது அவள் பக்கம் நின்றது லோகேஷ் ஒருத்தன்தான். பதிவாளர் ஆபீஸில் சாட்சிக் கையெழுத்து அவனுடையது. அதை நினைத்துத்தான் இவனும் அழுகிறான் என்று தோன்றியது. அவசரத்தில், அறியாமல், பயத்தில் செய்துவிட்டான். கோபம் கொஞ்சம் இறங்கக்கூடச் செய்தது. தம்பி பிழைத்து வந்தால் பேசிக்கொள்ளலாம்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரோடு டாக்டரும் வெளியே வந்தாள்.

"சென்னைல சொல்லிட்டேன். நேரத்துல கண்டுபுடிச்சிட்டீங்க. பொழச்சிக்குவாருன்னுதான் நெனைக்கறேன். அந்தக் கடைக்குப் போன் பண்ணுங்க. வேற என்ன கலந்திருக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க, எழுதி அனுப்பறேன்."

"நான் பேசறேன்" என்று ஆனந்தராஜ் முந்தினான்.

"நம்பரப் போட்டு இங்க குடு."

"நானே கேட்டுச் சொல்றேனே."

கலைவாணி போனுக்குக் கையை நீட்டியபடியே நின்றாள். கொடுத்தான்.

இரண்டாவது மணியிலேயே கடைப் பையன் எடுத்தான். "சொல்லுங்கண்ணா, யுவன்தான்."

"அண்ணன் இல்ல, அவரு வூட்டம்மா பேசறேன். இவரு வாங்கற ரிமூவர்ல இன்னா இன்னா கலந்திருக்குதுப்பா? ஆஸ்பத்திரில கேக்கறாங்க."

"ஆஸ்பத்திரியா?" பையன் பயந்துவிட்டான். டப்பாவை உருட்டும் சத்தம் கேட்டது. "மெத்திலீன் குளோரைடு முக்கால்வாசிக்கா. மெத்தனால் கொஞ்சம். அப்புறம் மெழுகு. வேற ஒன்னும் இல்ல."

அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டாள். லோகேஷை ஏற்றிவிட்டார்கள். அவளும் ஒரு காலை ஆம்புலன்ஸ் படியில் வைத்தாள்.

"யாருக்குக்கா ஆச்சு?" யுவன் இன்னும் லைனில் இருந்தான். "அண்ணனுக்கா? இருக்காதே. அவருதான் மாஸ்க் போட்டுப்பாரே."

"எந்த மாஸ்க்?"

ஆனந்தராஜ் போனுக்குக் கை நீட்டினான். அவள் தோளைத் திருப்பிக்கொண்டாள்.

"ரெண்டு பக்கமும் டப்பா வச்சது இருக்குமேக்கா, கேஸ் மாஸ்க். இது இல்லாம தொடாதீங்க, ஆளே போயிடுவாங்கன்னு நான்தான் சொன்னேன். போன பொங்கலுக்கு முன்னாடி, மொத கேன் வாங்கறச்சவே எடுத்தாரு. அப்பலேர்ந்து மாசாமாசம் ஃபில்டர் வாங்கிக்கினுதான இருக்காரு." யுவன் கொஞ்சம் நிறுத்தினான். "ஆளுக்கு ஒரு மாஸ்க் வேணும், எத்தினி பேரு வேல செய்றீங்கன்னு கேட்டேன்க்கா. நான் ஒருத்தன்தான்னு சொன்னாரு."