முதல் ஓட்டு மனைவிக்கு

திங்கட்கிழமை காலை கெப்ஹார்டிடம் ரொட்டிக் கடைக்காரி காசே வாங்கவில்லை.

"எம்.பி. வீட்டுக்காரர்கிட்ட காசு வாங்கினா ஊர் என்னைச் சும்மா விடுமா?" என்று சொல்லிக்கொண்டே ஆறு ரொட்டியோடு, கார்னிவலுக்குப் பொரித்த இனிப்பு உருண்டைகளையும் பையில் திணித்தாள். வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். கெப்ஹார்டுக்கு வாயெல்லாம் பல். முப்பது வருஷமாக இந்த ஊருக்குச் சைக்கிள் ரிப்பேர் செய்கிறான், ஒருத்தரும் அவனுக்குக் கை தட்டியதில்லை.

"நீங்களும் பெர்லினுக்குக் குடி போயிடுவீங்களோ?" என்றாள் கடைக்காரி.

"நான் போயிட்டா உங்க சைக்கிளுக்கு யாரு பஞ்சர் ஒட்டுறது?"

ஞாயிற்றுக்கிழமை நடந்த தேர்தலில் அவன் மனைவி இர்மேலா தொகுதியில் முதலிடம். இருபத்தெட்டு புள்ளி நாலு சதவீதம். எதிர்த்து நின்ற வக்கீல் ஸவுட்டர் அரை சதவீதம் பின்னால். இர்மேலா கணக்கு டீச்சர். கட்சியில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர் துண்டு போட்டு உட்கார்ந்திருந்ததால், வேட்பாளராகவே பன்னிரண்டு வருஷம் காத்திருந்தாள். கிடைத்ததும் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பனியிலும் சகதியிலும் ஊர் ஊராக நடந்தாள். பெர்லினில் போய் இந்த மலையோரத்து ஜனங்களுக்காக வாய் திறக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை கிடையாது. அது கூடி வந்துவிட்டது என்றுதான் கெப்ஹார்ட் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

இர்மேலா சமையலறையில் போனைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"கட்சி ஆபீஸ்லேர்ந்து பேசினாங்க. நான் ஜெயிச்சுட்டேனாம்."

"அதான் ராத்திரியே தெரியுமே."

"ஆனா எனக்கு சீட் இல்லையாம்."

கெப்ஹார்ட் பையை மேஜைமேல் வைத்துவிட்டுத் திருதிருவென்று முழித்தான். "ஜெயிச்சவளுக்கு சீட் இல்லன்னா தோத்தவனுக்கா குடுப்பாங்க? போன் பண்ணின ஆளு தூக்கக் கலக்கத்துல உளறியிருப்பான்."

உளறல் இல்லை. இர்மேலா உட்கார்ந்து, பென்சிலை எடுத்து, ரொட்டிப் பையின் முதுகிலேயே கோடு போட்டு விளக்கினாள். ஓட்டுச் சீட்டில் இரண்டு இடத்தில் குறி போட வேண்டும். இடது பக்கம் முதல் ஓட்டு, ஆளுக்கு; வலது பக்கம் இரண்டாவது ஓட்டு, கட்சிக்கு. ஒரு கட்சிக்கு எத்தனை சீட் என்பதை வலது பக்கம்தான் தீர்மானிக்கும். அவள் கட்சி மாநிலத்தில் முப்பத்துநாலு தொகுதியில் முதலிடம். வலது பக்கக் கணக்குப்படி கிடைத்ததோ முப்பது சீட். புதுச் சட்டத்தில், ஜெயித்தவர்களைச் சதவீதப்படி வரிசையாக நிறுத்தி, முப்பதுக்கு அப்புறம் நிற்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"நீ எத்தனாவது?"

"முப்பத்தொண்ணு."

"சரி, அப்ப நம்ம தொகுதிக்கு யாரு?"

"யாரும் இல்ல."

"அதெப்படி? நாற்காலி சும்மா கிடக்குமா?"

"நாற்காலியே கிடையாது, கெப்ஹார்ட்."

அவனுக்குத் தலை சுற்றியது. இந்த ஊரில் பந்தயத்தில் முதலில் வந்தவனுக்குக் கோப்பை கொடுப்பார்கள். முதலில் வந்தவளைக் கூப்பிட்டு, நீ முதலில் வந்தது நிஜம், ஆனால் நீ வரவே இல்லை என்று சொல்கிற பந்தயத்தை அவன் கேள்விப்பட்டதில்லை. சட்டம் வந்தபோது இர்மேலாவே அதைச் சாப்பாட்டு மேஜையில் படித்துக் காட்டியிருந்தாள். கெப்ஹார்ட் அன்று சூப்பில் கவனமாக இருந்துவிட்டான்.

"எங்கடா கோட்டை விட்டோம்?" என்று அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். "இடது பக்கம் எனக்குக் குத்தினவங்க வலது பக்கம் கட்சிக்கும் குத்தியிருந்தா இன்னும் ரெண்டு சீட் வந்திருக்கும். நம்ம தொகுதியிலயே எட்டாயிரம் பேர் பிரிச்சுக் குத்தியிருக்காங்க. ஏன்?"

ஏன் என்பது கெப்ஹார்டுக்குத் தெரியும்.

பத்து வாரம் சனிச் சந்தையில் அவள் படத்தோடு நின்றவன் அவன்தான். "உங்க வீட்டம்மா தங்கமானவங்க, அந்தக் கட்சிதான் சகிக்கல" என்று எவனாவது சொன்னால், இவன் வாய் சும்மா இருக்காது. "கட்சியை விட்டுத் தள்ளுங்க. ரெண்டாவது ஓட்டை இஷ்டம்போலப் போட்டுக்கங்க. முதலாவதை மட்டும் என் பொண்டாட்டிக்குக் குத்துங்க!" ஆளுக்கு ஒரு கைகுலுக்கல். எத்தனை பேரிடம் சொன்னான்? பெருந்தன்மை என்று நினைத்து அவன் விற்றதெல்லாம் அவள் சீட்டைத்தான் என்று இப்போதுதான் மண்டையில் ஏறியது. போதாக்குறைக்கு, அவனும் அப்படித்தான் குத்தியிருந்தான். ஏரிக்கரைச் சைக்கிள் பாதை ஃபைலை ஒன்பது வருஷமாகத் தூங்க வைத்திருக்கிற மாநில மந்திரி அவள் கட்சி. "அது மாநில விஷயம், நான் நிக்கிறது பெர்லினுக்கு" என்று அவள் நூறு தடவை சொல்லியாயிற்று. "கட்சி ஒண்ணுதானே?" என்று அவனும் நூறு தடவை கேட்டாயிற்று.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் வக்கீல் ஸவுட்டர், கையில் டூலிப் பூங்கொத்து, முகத்தில் அசடு.

"வாழ்த்துச் சொல்லணுமா, துக்கம் விசாரிக்கணுமான்னு தெரியல" என்றார். "கார்லயே கால் மணி நேரம் உக்காந்திருந்தேன்."

"எனக்கே தெரியல, உங்களுக்கு எப்படித் தெரியும்? உள்ள வாங்க" என்றாள் இர்மேலா. "நீங்க இனிமே நிம்மதியா கோர்ட்டுக்குப் போகலாம்."

ஸவுட்டர் பூங்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "இல்லைங்க. ரெண்டாவது ஓட்டுல கிடைக்கிற சீட்டுக்கு எங்க கட்சி முன்னாடியே எழுதிக் குடுத்த பட்டியல்ல நான் நாலாவது. எங்களுக்கு ஒன்பது சீட். வர்ற வாரம் நான் பெர்லின் போறேன்."

"நீ தோத்துட்டியே!" என்று கத்திவிட்டான் கெப்ஹார்ட். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

"தோத்தேன்தான்" என்று ஒப்புக்கொண்டார் ஸவுட்டர். "எங்கம்மாகிட்ட காலையிலேர்ந்து விளக்கிட்டு இருக்கேன். தோத்துட்டு எங்கடா கிளம்புறேன்னு பெட்டியை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டாங்க." பிறகு ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே என்று தேடினார். "உங்க வீட்டுக்காரர் ரொம்ப கண்ணியமான மனுஷர்ங்க. அம்மாகிட்டகூட சந்தையில சொன்னாராமே, ரெண்டாவது ஓட்டு உங்க மகன் கட்சிக்கே போடுங்க, முதலாவது மட்டும் இர்மேலாவுக்குன்னு. எங்கம்மா அப்படியே போட்டுட்டாங்க! எங்க தெருவே அப்படித்தான் போட்டுது."

அவர் போன பிறகு இர்மேலா பூவைத் தண்ணீரில் வைத்தாள்.

"நீ எப்படிக் குத்தினே?"

பொய் சொல்லலாம். ஓட்டு ரகசியம், எந்தக் கமிஷனும் வந்து காட்டிக் கொடுக்காது. ஆனால் இருபத்தாறு வருஷம் கூடவே வாழ்ந்தவளின் கண்ணைப் பார்த்துச் சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை.

"இடது பக்கம் நீ. வலது பக்கம்... வேற."

"உனக்குக் கட்சி பிடிக்காதுன்னு தெரியும். ஆனா அந்தத் தட்டிக்குப் பின்னாடி பேனாவைப் பிடிக்கிற நேரத்துல என்னை நெனச்சு மனசை மாத்திக்குவேன்னு நெனச்சேன்."

"உன்னை நெனச்சுத்தான் முதலாவதைக் குத்தினேன். அது ரெண்டும் வேற வேறன்னுதானே சொன்னாங்க?" வெட்கத்தில் அவனுக்கு அழுகையே வந்தது. அவளுக்கு அதைவிடக் கோபம் வந்தது, ஆனால் அதை யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. சட்டத்தின்மேலா, கட்சியின்மேலா, எதிரே மூக்கை உறிஞ்சுகிற இந்த மனுஷன்மேலா?

"நாலு வருஷத்துல மறுபடி நிப்பேன்" என்றாள். "அப்ப ரெண்டையும் போடுவியா?"

போடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். சைக்கிள் பாதையும் மந்திரியின் சிரிப்பும் கண்முன்னால் வந்து நின்றன. அவள் காத்திருந்தாள்.

"முதல் ஓட்டு சத்தியமா உனக்குத்தான்."

"இந்த ஊர்ல எல்லாரும் அதையேதான்பா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு, நாளைக்கே வகுப்புக்கு வருவதாகத் தலைமையாசிரியரிடம் சொல்ல அவள் போனை எடுத்தாள்.