வெள்ளை மெத்தையில் ஓர் இடம்

அனுபவம் விலைமதிப்பில்லாதது என்பார் ரமணீக் சேட். அதனால்தான் பயிற்சிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் ஒரு ரூபாய்கூடத் தருவதில்லை. தினம் இரண்டு டீ, அவ்வளவுதான். அவருடைய சூரத் புடவைக் கம்பெனியில் சேட்டும் பழைய ஆட்களும் தரையில் விரித்த வெள்ளை மெத்தையில் அமர, பிள்ளைகள் மூட்டைமேல் உட்கார்ந்து செல்போனைத் தடவினார்கள். சான்றிதழோடு போய், நல்ல டீக்கடை என்று ஊரெல்லாம் சொன்னார்கள்.

அலுவலகத்தைக் கவனிக்கும் ஹேமாலிபென்னுக்கு அது உறுத்தியது. இந்த வருஷம் சேட்டிடம் பேரம் பேசினாள்: மூன்று பேர், மூவருக்கும் சம்பளம், நிஜமான வேலை, பொறுப்பு அவளுடையது. சேட் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. தீபாவளி முடிந்து கடை திறக்கும் லாப் பஞ்சமிக்குள் பலன் தெரியாவிட்டால் பயிற்சித் திட்டத்துக்கே பூட்டு.

ஹேமாலிபென் கொடுத்த வேலை, வாங்குவதை நிறுத்திவிட்ட வியாபாரிகளோடு போனில் பேசுவது.

விட்டுப்போனவனிடம் ஏன் போனாய் என்று அந்த மார்க்கெட்டில் யாரும் கேட்பதில்லை. ஒரு பெட்டி காஜு கத்லி இனிப்பு அனுப்பிவிட்டு, அவனே திரும்பி வரக் காத்திருப்பார்கள். கேட்டால் கௌரவம் போச்சு. மூவரில் ஊர்வி என்ற பெண் இரண்டாம் நாளே இந்தூர் கேவல்சந்திடம் பளிச்சென்று கேட்டுவிட்டாள். சேட் காதிலேயே விழுந்தது.

“போனவன் கால்ல விழறதா? அந்தப் பொண்ண இன்னிக்கே அனுப்பிடு, ஹேமாலிபென்.”

“அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க, சேட். நம்ம வழக்கத்த அவளுக்கு நான்தான் சொல்லித்தரல.”

“மறந்துட்டியா?”

“வேணும்னேதான். நாம கேக்க வெக்கப்படறத கேக்கத்தானே வெளியாள் வேணும்?”

சேட்டுக்குள் இருந்த வியாபாரி வாயைத் திறந்தான்.

“அவன் என்னதான் சொன்னானாம்?”

கம்பெனி அனுப்பும் போட்டோவில் புடவை குங்கும நிறம், பார்சலைப் பிரித்தால் செங்கல் நிறம் என்றிருக்கிறார் கேவல்சந்த். கடையின் மஞ்சள் பல்புக்குக் கீழே எடுத்த போட்டோ வேறெப்படி இருக்கும்? யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கௌரவம் அவருக்கும் உண்டல்லவா.

மறுநாள் மூன்று பேரும் புடவைகளை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பினார்கள். வாரக் கடைசியில் கேவல்சந்தே சேட்டைக் கூப்பிட்டு, படம் அந்தப் பெண் எடுத்ததாக இருந்தால் மூன்று மூட்டை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மற்றவர்களிடமும் பிள்ளைகள் கூச்சமில்லாமல் கேட்டார்கள்.

லாப் பஞ்சமியன்று பூஜை முடிந்ததும் சேட் ஹேமாலிபென்னைக் கூப்பிட்டார்.

“அடுத்த வருஷம் ஆறு பேரா எடு. சம்பளம் மூணு பேரோடது, பிரிச்சுக்கட்டும்.”

“ஆறு பேருன்னா ஆறு சம்பளம், சேட். டீய வேணா பிரிச்சுக்குவாங்க.”

சேட் தலையாட்டினார்.

அன்றைய கணக்கு இது: போனவர் பதினொன்று, திரும்பியவர் நாலு, கழற்றிய மஞ்சள் பல்பு ஒன்று, சேட்டின் கௌரவத்தில் சேதம் இல்லை. பாக்கி, வெள்ளை மெத்தையில் ஊர்விக்கு ஓர் இடம். படிப்பு முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள்.