ஒரு மடக்கு

சுடலைவடிவு செம்பைத் தூக்கியதும் மாமியார் ஞானம்பாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, குடுத்திராத. வாந்திபேதிக்குத் தண்ணி விசம்னு வைத்தியர் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்காரு."

"மாமா கேக்குதாஹ அத்த. ஒரு மடக்குதான்."

"ஒரு மடக்குல என் தாலிய அறுத்துராத."

கட்டிலில் ஐயம்பெருமாள் பிள்ளை கண் குழிந்து கிடந்தார். திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போய் முந்தாநாள்தான் திரும்பியவர். தெருவில் இவர்களோடு ஐந்து வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. காலையிலிருந்து இரண்டு முறை சங்குச் சத்தம் கேட்டாயிற்று. கொல்லைக் கதவைத் திறந்தால் தாமிரபரணி. அந்தச் சலசலப்பு அவர் காதில் விழக்கூடாதென்று ஞானம்பாள் கதவைச் சாத்திவைத்திருந்தாள்.

ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்குத் தண்ணீர் என்பது குளிக்கிற சமாச்சாரம். சுடலைவடிவு சாத்தான்குளத்துப் பனங்காட்டில் பிறந்தவள்; ஒன்பது வயதிலேயே ஒரு மைல் தூரம் குடம் சுமந்தவள். பனையேறுகிறவர் யாராவது வெயிலில் சுருண்டு விழுந்தால், அவள் அப்பா சாதியும் கேட்கமாட்டார், வைத்தியரையும் கேட்கமாட்டார். வடிகஞ்சியில் உப்பைப் போட்டு வாயில் ஊற்றுவார். பிணம்போலக் கிடந்தவர்கள் எழுந்து நடந்ததை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். அதே அப்பாதான் கல்யாணத்தன்று, "மாமியா சொல்லுக்கு மறுசொல் பேசாத தாயி" என்றும் சொல்லி அனுப்பினார். வளர்ப்பில் எது எந்த நேரத்தில் முன்னால் வந்து நிற்கும் என்று யார் கண்டது? அன்றைக்கு இரண்டாவது வந்து நின்றது. செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"தண்ணி தாம்மா" என்று அவர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். உச்சிவேளைக்கு அந்தக் குரலும் நின்றது.

பயத்தில், பிணம் குளிப்பாட்டும் நீர்மாலைக்குச் சொந்தக்காரர் நாலு பேர்தான் வந்தார்கள். ஆனாலும் முறை தவறவில்லை. ஆற்றிலிருந்து குடம் குடமாக எடுத்துவந்து, முற்றத்தில் வைத்து அவர் தலையில் ஊற்றினார்கள். மீசையில் வழிந்த தண்ணீர் உதட்டில் தேங்கி நின்றது. சுடலைவடிவுக்கு எல்லோர் மேலும் ஆத்திரம் வந்தது. தன் மேல் இன்னும் அதிகமாக வந்தது.

மறுநாள் காலையில் அப்பாவின் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வந்த அவள் கணவன் சிவசண்முகம், கொல்லைக்கும் வீட்டுக்குமாக நாலு தரம் நடந்தான். ஐந்தாம் தரம் எழுந்திருக்க முடியவில்லை. கெண்டைக்கால் முறுக்கி இழுத்தது. கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது.

"வடிவு, தண்ணி."

சாவு விழுந்த துட்டிவீட்டுக்குச் சோறு கொண்டுவர ஆளில்லாமல் அவளேதான் உலை வைத்திருந்தாள். சோற்றை வடித்து, கஞ்சியில் உப்பைப் போட்டு ஆற்றி எடுத்து ஓடிவந்தாள். மாமியார் குறுக்கே வந்தால் கீழே தள்ளிவிடுவதென்றே முடிவு செய்திருந்தாள்.

ஞானம்பாள் வந்தாள். குறுக்கே நிற்கவில்லை. உட்கார்ந்து மகன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் தம்ளர் அப்படியே வெளியே வந்துவிட்டது. இரண்டாவதில் பாதி நின்றது. பிறகு மடக்கு மடக்காக ஊற்றிக்கொண்டே இருந்தாள். வெயில் சாய்கிற நேரத்தில் சிவசண்முகம் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தான். ஞானம்பாள் அவன் உள்ளங்கையைத் தொட்டாள். சூடு திரும்பியிருந்தது.

பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அவுஹளுக்கு ஏன்ட்டி குடுக்கல?"

சுடலைவடிவு பானையைச் சாய்த்து அடுத்த தம்ளரை நிரப்பினாள். ஞானம்பாள் வாங்கும்போது கஞ்சி தளும்பியது. இரண்டு பேருமாகச் சேர்ந்து தம்ளரைப் பிடித்துக்கொண்டார்கள்.